பேப்பர் இல்லாத சாவி

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை இரண்டே இரண்டு விஷயம்தான் கேட்டது. ஒவ்வொரு தொழிற்பயிற்சி மையத்திலும் மாணவர்களின் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மனசில் இருப்பதை யாருக்கும் தெரியாமல் எழுதிப் போட ஒரு பெட்டி வைக்க வேண்டும்; அந்தப் பெட்டி பூட்டியிருக்க வேண்டும்.

மையத்தின் மேலாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, பூட்டுத் தொழில் கற்றுத்தரும் டீச்சரைப் பார்த்தார்.

"பூட்டுன்னு எழுதியிருக்கு. அப்ப இது உங்க டிபார்ட்மென்ட்தான்."

"சார், இது அந்தப் பாதுகாப்பு இல்ல."

"எந்தப் பாதுகாப்பா இருந்தா என்ன? தையல் டீச்சர் லீவு. ஏசி மெக்கானிக் சார்கிட்ட யாராவது கஷ்டத்தைச் சொன்னா, அவரு தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிச்சிடுவாரு. மிச்சம் நீங்கதான்."

அப்படித்தான் பூட்டு டீச்சர் ஒரு நாள் பயிற்சிக்குப் போனார். டீச்சருக்குப் பேச்சு என்றால் உயிர். ஒரு சாதாரணத் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டால்கூட இரும்பு எப்படி உருகுகிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். அப்பேர்ப்பட்டவருக்கு அந்தப் பயிற்சி முழுக்க ஒரே பாடம்: வாயை மூடுவது எப்படி.

ஒருவர் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வரும்போது நாம் கேள்வி கேட்டு வழிகாட்டக் கூடாது. எல்லாரையும் நம்புகிற மனுஷர் நம் முகத்தைப் பார்த்து, நமக்குப் பிடிக்கும் பதிலைச் சொல்லிவிடுவார். அப்புறம் அவர் சொன்னது எது, நாம் அவர் வாயில் போட்டது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் பேசவிட்டுக் கேட்க வேண்டும், கேட்டதை அவருடைய வார்த்தையிலேயே எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. சொல்லாமல் யாரையும் காப்பாற்ற முடியாது என்பதுதான் காரணம். பேச நாக்கு துடித்தால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். மதியத்துக்குள் டீச்சர் பல நூறு எண்ணி முடித்திருந்தார்.

பெட்டியைத் தச்சு வகுப்பு செய்து கொடுத்தது. டீச்சர் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல பூட்டாகப் பார்த்துப் பொருத்தி, தன் வகுப்புக்கு எதிரே, வராந்தாச் சுவரில் மாட்டினார். அங்கேதான் தப்பு நடந்தது. உலகத்தில் வேறு எந்த வகுப்புக்கு எதிரே மாட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஒரு கதவுப் பூட்டின் உருளைக்குள் குட்டிக் குட்டி ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. மேலிருந்து ஒரு ஸ்பிரிங் அமுக்கிக்கொண்டே இருக்கும். சரியான சாவி உள்ளே போனால், அதன் மேடுபள்ளம் ஒவ்வொரு ஊசியையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கிவிடும். எல்லா ஊசிகளின் பிளவும் ஒரே கோட்டுக்கு வந்ததும் உருளை திரும்பும். சாவி இல்லாமல் திறப்பவர் அதே வேலையை மெல்லிய கம்பி ஒன்றால், ஊசி ஊசியாகச் செய்கிறார். பூட்டு வகுப்பின் ஆறு மாணவர்களும் ஒன்பது வாரமாக இதைத்தான் பழகினார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த பயிற்சிப் பூட்டுகளில். இப்போது கண்ணெதிரே முன்பின் தெரியாத ஒரு பூட்டு. பசியோடு வருகிற பிள்ளைகள் நடக்கிற வழியில் பலகாரத் தட்டை வைத்த கதைதான்.

பெட்டியைத் திறக்கும் நாள் வெள்ளிக்கிழமை. முதல் வெள்ளி உள்ளே இரண்டு சீட்டு இருந்தன. ஒன்றில், பெண்கள் கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று இருந்தது. இன்னொன்றில்: "நல்ல பூட்டு, டீச்சர். நாலு நிமிஷம் ஆச்சு. சத்தியமா எதையும் படிக்கல."

டீச்சர் பூட்டை மாற்றினார். இரண்டாவது வெள்ளி: "பதினோரு நிமிஷம். இதுதான் பூட்டு."

கையெழுத்து யாருடையது என்று டீச்சருக்குத் தெரியும். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பூட்டுத் தொழில் படிக்க வந்தவர். வகுப்பில் அவருக்கு டிரைவர் என்றே பேர்.

"அது பரீட்சைப் பூட்டு இல்ல," என்றார் டீச்சர், வகுப்பையே நிறுத்தி. "அதுக்குள்ள இருக்கிறது இன்னொருத்தர் மனசு."

"மனசைத் தொடல டீச்சர். பூட்டை மட்டும்தான் தொட்டோம்," என்றார் டிரைவர்.

"நீங்க தொடறது தெரிஞ்சா யார் சீட்டு போடுவாங்க? திங்கட்கிழமை பெட்டியைக் கழட்டித் தையல் வகுப்புப் பக்கம் மாட்டச் சொல்லப் போறேன்."

ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பதினோரு நிமிஷத்தில் திறந்தது யார் என்று கேட்க டீச்சருக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

திங்கட்கிழமை, பெட்டியைக் கழற்ற வேண்டிய தச்சு வகுப்பு சாருக்குக் காய்ச்சல். செவ்வாயும் அவர் வரவில்லை. புதன்கிழமை காலை, டீச்சர் கைப்பையை மேசைமேல் வைப்பதற்குள் டிரைவர் வந்து நின்றார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"டீச்சர், அப்புறமா எவ்வளவு வேணா திட்டுங்க. வெள்ளி வரைக்கும் காத்திருக்காம பெட்டியை இப்பவே பாருங்க."

"மறுபடியுமா?"

"கடைசி தடவை. சீட்டு இல்ல, வேற ஒண்ணு கெடக்கு. நான் மட்டும்தான் பார்த்தேன். தொடாம மூடிட்டேன்."

பெட்டிக்குள் ஒரு பித்தளைச் சாவி கிடந்தது. அதோடு ஒரு காகிதத் துண்டுகூட இல்லை.

டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதுபோல அவர் சாவி படிப்பார். தலைப்பகுதியில் சின்ன முக்கோணக் குறி இருந்தது. வகுப்பு அலமாரியில் இருக்கும், இன்னும் வெட்டாத சாவிகளில் மட்டும் அந்தக் குறி இருக்கும். ஆனால் வகுப்பில் இருக்கும் பூட்டுகளுக்கெல்லாம் ஐந்து வெட்டு. இதில் ஆறு. ஆகவே இது வெளியே யாரோ ஒருவர் வீட்டு வாசல் கதவின் சாவி. இங்கே செய்தது.

யார் செய்தது என்பதும் அதிலேயே இருந்தது. அரத்தால் ராவியதும் பித்தளை ஓரத்தில் முடிபோலப் பிசிறு நிற்கும். ஐந்து பேர் அதைக் கால்சட்டையில் தேய்த்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ஒருவர் மட்டும் உப்புத்தாளால் நீவி, முனையையும் உருட்டி, துணியால் துடைப்பார். தங்கள் வீட்டில் ஒரு சாவி அக்காவின் பையைக் கிழித்துவிட்டதாம். அன்றிலிருந்து எந்தச் சாவியும் யாருடைய பையையும் கிழிக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

அவர்தான் நிதானம். பேர் வைத்தது டிரைவர். நிதானத்துக்கு முப்பத்தெட்டு வயசு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சொன்னால் நன்றாகப் புரியும், மூன்றைச் சேர்த்துச் சொன்னால் தவித்துப்போவார். யார் சிரித்துப் பேசினாலும் நம்பிவிடுவார். ஆனால் கம்பியைக் கையில் எடுத்துவிட்டால் வகுப்பே வேடிக்கை பார்க்கும். சலவைக் கடையில் வேலை செய்யும் அக்காவோடு வசிக்கிறார். அக்கா காலையில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் வந்து கூட்டிப்போவார். இறுதித் தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. தேறிவிட்டால் ஒரு பூட்டுக் கடையில் வேலை தயார். வாழ்க்கையில் முதல் வேலை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை உண்டு. கதவில் கண்ணாடி பதித்திருக்கும். போகிறவர் வருகிறவர் உள்ளே பார்க்கலாம், ஆனால் பேச்சு கேட்காது. டீச்சர் அங்கே இரண்டு நாற்காலி போட்டு, நிதானத்தை வாசல் பக்கமாக உட்காரவைத்தார். எழுந்துபோக வேண்டும் என்று தோன்றினால் தடை இருக்கக் கூடாது என்பதும் அந்த ஒரு நாள் பயிற்சியில் கற்றதுதான். சாவியை மேசைமேல் வைத்தார்.

"இதைப் பத்திச் சொல்லணும்னா சொல்லுங்க."

அவ்வளவுதான். மீதியை விழுங்கிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று.

ஏழில் நிதானம் வாயைத் திறந்தார்.

"நான் போட்டது டீச்சர். கண்ணாடி அண்ணனுக்குச் செஞ்சது."

"ம்."

"கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாரு. நாலு மணிக்கு கேட்டுக்கு வருவாரு. அக்கா நாலரைக்குத்தானே வரும். அதுவரைக்கும் என்கூடப் பேசிட்டு இருப்பாரு. ஜூஸ் வாங்கித் தருவாரு. ஃபிரெண்டுன்னு கூப்பிடுவாரு." நிதானம் சாவியை ஒரு விரலால் நேராக்கி வைத்தார். "அவரு வீட்டுச் சாவி தொலைஞ்சிடுச்சாம். ஒரு சோப்பு கொண்டு வந்தாரு, சாவி அச்சு அதுல இருந்துச்சு. இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடு, புதன்கிழமை வாங்கிக்கறேன்னாரு."

தொலைந்துபோன சாவியை எப்படிச் சோப்பில் அமுக்க முடியும்? அந்தக் கேள்வி டீச்சரின் நாக்கு நுனியில் வந்து நின்று குதித்தது. டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னொரு பத்து எண்ணினார்.

"செய்யறப்ப நல்லா இருந்துச்சு டீச்சர். ஆறு வெட்டு. முதல் தடவையா ஆறு. முடிச்ச அப்புறம்தான் ரிஜிஸ்டர் ஞாபகம் வந்துச்சு."

வகுப்பில் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. யாருக்குச் சாவி செய்தாலும் அந்த வீடு அவருடையதுதான் என்று காட்டும் காகிதமும் அடையாள அட்டையும் பார்த்து, எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் சாவி கை மாற வேண்டும். பூட்டுத் தொழிலையும் திருட்டுத் தொழிலையும் பிரிப்பது அந்த ஒரு நோட்டுப் புத்தகம்தான் என்று டீச்சர் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வார்.

"பேப்பர் கேட்டா அண்ணன் கோவிச்சுப்பாரு. கேக்காம குடுத்தா தப்பு. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. மனசுல கஷ்டம் இருந்தா பெட்டியில போடுங்கன்னு நீங்க சொன்னீங்க. எழுத வரல. அதான் சாவியையே போட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்."

சரி என்று சொல்லிவிட்டால் அந்த முகம் மலர்ந்துவிடும். டீச்சருக்கு அது தெரியும்.

"அந்த வாக்கு என்னால குடுக்க முடியாது. சிலர்கிட்ட சொல்லியே ஆகணும், இல்லன்னா உங்களுக்கு உதவ முடியாது. ஆனா யார்கிட்ட சொல்றேன், எதுக்குச் சொல்றேன்னு முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன். மேலாளர்கிட்ட. போலீஸ்கிட்ட. அக்காகிட்ட."

நிதானம் ஒவ்வொன்றாக யோசித்தார். மேலாளருக்குத் தலையாட்டினார். போலீஸுக்குக் கொஞ்சம் தயங்கி ஆட்டினார். அக்காவில் நின்றுவிட்டார்.

"அக்கா வகுப்பை நிறுத்திடும்."

"அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"ரெண்டு பேரும். நீங்க பக்கத்துல இருங்க."

டீச்சர் எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே எழுதி, மெதுவாக வாசித்துக் காட்டினார். நிதானம் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: ஜூஸ் இரண்டு நாள்தான், மற்ற நாள் வெறும் பேச்சு.

மேலாளர் காகிதத்தைப் படிக்கும்போதே வியர்க்க ஆரம்பித்தார்.

"அடுத்த வாரம் ஆய்வுக்கு வராங்க. நம்ம மையத்துல திருட்டுச் சாவி செஞ்சாங்கன்னு வெளிய போச்சுன்னா மானம் போயிடும். பேசாம அவரை நிறுத்திடுவோம்."

"சார், நம்ம மையத்துல அந்தப் பெட்டியை எதுக்கு வச்சோமோ அதுக்குப் பயன்படுத்தினவர் இதுவரைக்கும் ஒரே ஒருத்தர்தான். அவரை நிறுத்திட்டு ஆய்வுக்கு வர்றவங்ககிட்ட என்ன காட்டுவீங்க? ஒழுகற குழாயையா?"

"அதை இன்னும் சரி பண்ணலியா?"

"இல்ல."

மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியைத் தானே எடுத்தார். முதலில் காவல் நிலையத்துக்கு, அடுத்து தலைமை அலுவலகத்துக்கு. குழாய்க்கும் ஆள் சொன்னார்.

இரண்டு மணிக்கு நிதானத்தின் அக்கா சலவைக் கடைச் சட்டையோடு ஓடி வந்தார், கையெல்லாம் கஞ்சி மணம். அவருக்குச் சற்று முன்னால் காவல் நிலையத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி சாதாரண உடையில் வந்து உட்கார்ந்திருந்தார். நிதானம் பாதி சொல்ல, டீச்சர் மீதியைச் சொன்னார். அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"இதுக்குத்தான் முதல்லயே வேணாம்னேன்," என்றார் தம்பியிடம். "வா வீட்டுக்கு. நாளையிலேர்ந்து நான் வேலைக்குப் போறப்ப கதவை வெளிய பூட்டிட்டுப் போறேன். யாரும் வர வேணாம், யாரும் பேச வேணாம்."

"எந்தப் பூட்டு?" என்றார் நிதானம்.

"என்னடா?"

"நம்ம வீட்டுப் பூட்டு ரெண்டு நிமிஷம்தான் அக்கா."

அதிகாரி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நிதானத்தின் ஃபோன் அடித்தது. திரையில் பேருக்குப் பதில் ஒரு கறுப்புக் கண்ணாடிப் படம் இருந்தது. அவர் எல்லாருக்கும் படம்தான் வைத்திருப்பார்.

"எடுக்கணும்னு கட்டாயம் இல்ல," என்றார் அதிகாரி. "நம்பர் கெடைச்சாச்சு, எங்களுக்கு அது போதும்."

"பேசிடறேன். காத்துக்கிட்டு இருப்பாரு." நிதானம் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்ன ஃபிரெண்டு," என்றது குரல், தேன் ஒழுக. "சாவி ரெடியா?"

"ரெடி அண்ணே."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சபாஷ். நாலு மணிக்குக் குடுத்துடு."

"குடுக்கலாம் அண்ணே. வீட்டு வரி ரசீது கொண்டு வாங்க, இல்லன்னா கரண்ட் பில். அடையாள அட்டை. ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்து."

"நமக்குள்ள எதுக்குப்பா அதெல்லாம்?"

"எல்லாருக்கும் அதான் அண்ணே. டீச்சரே அவங்க வீட்டுச் சாவிக்குக் கையெழுத்து போட்டிருக்காங்க. மூணாம் பக்கம்." நிதானம் கொஞ்சம் யோசித்தார். "இன்னொரு சந்தேகம். சாவி தொலைஞ்சிடுச்சுன்னீங்க. அப்ப சோப்புல எதை அமுக்குனீங்க?"

டீச்சர் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார்.

"நீ என் ஃபிரெண்டுன்னு நெனச்சேன்," என்றது குரல். தேன் வற்றிப்போயிருந்தது.

நிதானத்தின் கண் கலங்கியது. ஆனாலும் பேச்சு மாறவில்லை. "நானும்தான் அண்ணே நெனச்சேன். அதனாலதான் பேப்பர் கொண்டு வாங்கன்னு சொல்றேன். இல்லன்னா உங்களைத் திருடன்னு நெனச்சிடுவாங்க."

தொடர்பு அறுந்தது. மேலாளர்தான் முதலில் சிரித்தார், அதை இருமலாக மாற்றப் பார்த்துத் தோற்றார். அதிகாரியும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்துத் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒரு வீட்டில் பெயின்ட் அடிக்கப் போனவன். வீட்டுக்காரர்கள் ஆணியில் மாட்டியிருந்த சாவியைச் சோப்பில் அமுக்கிவிட்டான். அவர்கள் ஊருக்குப் போகும் நாளுக்காகக் காத்திருந்தான். நம்பரை வைத்து ஆளைப் பிடித்துவிட்டார்கள். வெளியில் எந்தச் சாவிக்காரரும் காகிதம் இல்லாமல் செய்து தராததால்தான், இல்லை என்று சொல்லத் தெரியாத ஒருவரைத் தேடி அவன் பயிற்சி மையத்தின் வாசலில் வந்து நின்றிருக்கிறான். ஆளைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டான்.

ஆனால் புதன்கிழமை மதியம் அந்த அறையில் இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் முன்னால் இருந்தது, தோளில் பையோடு நிற்கும் அக்காவும், ஃபோனை வெறித்துப் பார்க்கும் தம்பியும்.

"இனிமே சாயங்காலம் யாரும் வர மாட்டாங்க," என்றார் நிதானம்.

ஓட்டை எங்கே என்பது டீச்சருக்கு அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. நாலு மணிக்கு மணி அடிக்கிறது, நாலரைக்கு அக்கா வருகிறார். நடுவில் இருக்கும் அரை மணி நேரம், ஒரு மனுஷர் தனியாக வாசலில் நிற்கிறார். இத்தனை வாரமாக அதை யாரும் பார்க்கவில்லை. பாதுகாப்புக்குப் பொறுப்பான டீச்சரும் அந்த அரை மணியில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்.

"சார், நாலரை வரைக்கும் வகுப்பைத் திறந்து வைக்க முடியுமா? நான் இருக்கேன்."

"தினமுமா?"

"டிரைவர் என்னைக்கும் அஞ்சுக்கு முன்னாடி வீட்டுக்குப் போறதில்ல. வீட்ல மனைவி வேலை வாங்கறாங்களாம். அவரும் இருப்பாரு. ரெண்டு பேர் இருந்தாத்தான் முறை."

மேலாளர் தலையாட்டி எழுதிக்கொண்டார். எல்லாரும் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். டீச்சர் நிதானத்தின் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் பேசிட்டோம். உங்களை யாரும் கேக்கல. உங்களுக்கு என்ன வேணும்?"

இந்தத் தடவை டீச்சர் எண்ண வேண்டியிருக்கவில்லை.

"பரீட்சை எழுதணும். கடையில வேலை செய்யணும்." அக்காவைப் பார்த்தார். "எனக்கு பயமாத்தான் இருந்துச்சு அக்கா. ஆனா கேட்டேன்ல?"

அக்கா டீச்சரிடம், "இவன் இப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியாது டீச்சர். வீட்ல சோறு வேணுமான்னு கேட்டா, வேணும்னாலும் ஒரு ம், வேணாம்னாலும் ஒரு ம்," என்றார்.

"எல்லாத்தையும் நீயே பேசிடற, என்னை எங்க பேசவிடற," என்றார் நிதானம்.

"வாய் வேற நீண்டுடுச்சு." அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கி அவரிடமே கொடுத்தார். "வெளிய யாரோட ஜூஸும் குடிக்காத. நான் வர வரைக்கும் கேட்டைத் தாண்டாத. யார் என்ன கேட்டாலும் எனக்கு ஃபோன் பண்ணு."

"யார் என்ன கேட்டாலுமா? மணி என்னன்னு கேட்டாலுமா?"

"பண்ணேன், என்ன இப்ப."

"முதல் ரெண்டு சரி. மூணாவது, டீச்சர்கிட்ட கேட்டுக்கறேன். நீ கஞ்சிக் கையோட ஃபோனை எடுக்க மாட்ட."

அக்கா வாதம் செய்ய வாயெடுத்தார், தன் கையைப் பார்த்தார், விட்டுவிட்டார்.

"சரி. நாளைக்கு நானே கொண்டு வந்து விடறேன்."

"தினமும் நீதானே விடற."

"அதான் சொல்றேன், நாளைக்கும்."

"அப்ப எட்டேகாலுக்குக் கெளம்பணும். நீதான் எப்பவும் லேட்டு பண்ணுவ," என்று சொல்லிவிட்டு நிதானம் பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். மணி இரண்டரைதான், இன்னும் ஒன்றரை மணி நேரப் பாடம் பாக்கி இருந்தது.